மக்புக்கில் விண்டோஸ்: எந்த வைரஸ் கார்ட் ஓடும், எந்தப் படலையைப் பூட்ட வேண்டும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொரன்ரோவிலிருந்து வந்த அண்ணை, திரும்பிப் போகும்போது தான் பாவித்த மக்புக் எயாரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எம்2 சிப், 8 ஜீபி ராம், 256 ஜீபி சேமிப்பு. "உந்தப் பழைய பெட்டியைத் தூக்கி எறி, இனி இதில வேலை செய்" என்று ஒரு கட்டளை வேறு.

அவருக்கு என் தொழில் தெரியும், ஆனால் அதன் உள்வீட்டுக் கதை தெரியாது. திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் தட்டச்சும் அச்சும் பைண்டிங்கும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடு, கலியாண அழைப்பிதழ், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவருக்கான நினைவு மலர்), இவைதான் வருமானம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளும், பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7 உம் இன்னும் என்னை விடுவதாக இல்லை. ஆகவே மக்புக் வந்தாலும் எனக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் என்றால் வைரஸ் கார்டும், அதாவது வைரஸைத் தடுக்கும் காவல் மென்பொருளும் வேண்டும், ஏனென்றால் நாளுக்கு இருபது முப்பது பென் டிரைவ் என் மேசைக்கு வருகிறது, அதில் எது எங்கெல்லாம் போய் வந்தது என்று ஆருக்கும் தெரியாது.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். மக்புக்குக்குள் விண்டோஸ் 11 ஐப் போட்டவுடன், பழைய பெட்டிக்கென்று காசு கொடுத்து வாங்கியிருந்த வைரஸ் கார்டை அதிலும் நிறுவினேன். மூன்று கணினிக்கான உரிமம், இரண்டு மிச்சம் கிடந்தது. நிறுவல் கடைசிவரை போனது, மறுதொடக்கம் கேட்டது, பிறகு மூலையில் அதன் படம் சிவப்புக் குறியோடு வந்து நின்றது. அப்டேட் ஆனால் சரிவரும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பெடியன் போன் எடுத்தான்.

"அக்கா, என்ர பென்ல போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா நிக்குது. நேற்று உங்கட கடையில மட்டும்தான் போட்டனான்."

அவனுக்கு முன்னால் வந்த யாரோ ஒருவருடைய பென்னில் இருந்த ஷோர்ட்கட் வைரஸ், என் விண்டோஸில் குடியேறி, அவனுடைய பென்னுக்குத் தாவியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய கார்ட் அந்த நேரமெல்லாம் சிவப்புக் குறியோடு சும்மா இருந்தது. அதைவிட மோசம், அது தன்னைக் காவலாளி என்று விண்டோஸில் பதிந்துகொண்டதால், விண்டோஸோடு வரும் டிஃபென்டர் மரியாதையாக ஒதுங்கி நின்றுவிட்டது.

ஏன் இப்படி ஆனது

2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து அப்பிள் தன் சொந்தச் சிப்புகளைத்தான் மக்கில் போடுகிறது. இவை ஆர்ம் வகை. நம் பழைய விண்டோஸ் பெட்டிகளில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி, அது எக்ஸ்86 வகை. இரண்டும் வேறு வேறு பாஷை. அதனால்தான் முந்தி இன்டெல் மக்கில் இருந்த பூட் காம்ப், அதாவது மக்கை அப்படியே விண்டோஸ் கணினியாகத் தொடக்கும் வசதி, புதிய மக்கில் இல்லை. மெய்நிகர் கணினி ஒன்றை, அதாவது மென்பொருளாலேயே ஆன கணினி ஒன்றை, மக்கின் உள்ளே உருவாக்கி, ஆர்முக்கென்று செய்த விண்டோஸ் 11 ஐ அதில் ஓட்டுவதுதான் வழி.

அந்த விண்டோஸுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். எக்ஸ்86 பாஷையில் எழுதிய மென்பொருளை அவர் ஓடஓட ஆர்முக்கு மாற்றிச் சொல்வார். 32 பிட், 64 பிட் இரண்டும் அவருக்கு வரும். என் பேஜ்மேக்கர் அவர் தயவில்தான் ஓடுகிறது. ஆனால் அவருக்கு வாசலோடு சரி. விண்டோஸின் அடிமடியில், கேர்னல் என்கிற இடத்தில் ஓடும் டிரைவர்கள் என்ற துணை மென்பொருள்களுக்கு அவர் மொழிபெயர்க்க மாட்டார். அங்கே போகிற எதுவும் ஆர்ம் பாஷையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வைரஸ் கார்டின் காது இருப்பது அந்த அடிமடியில்தான். ஒரு கோப்பு திறபடும் அதே கணத்தில் இடைமறித்துப் பார்ப்பதற்கு அது அங்கே ஒரு டிரைவரை வைத்திருக்கும். சாதாரண ஷோர்ட்கட் வைரஸுக்கு அப்படி ஒன்றும் தேவையில்லை. அது வெறும் ஸ்கிரிப்ட், அல்லது சாதாரண மென்பொருள் போல ஓடும் சின்னச் சாமான். ஆகவே வைரஸுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், காவலாளிக்குக் கிடைக்க மாட்டார். என் கடையில் நடந்தது இவ்வளவுதான். யூஎஸ்பி டொங்கிள், பழைய பிரின்டர், சில வீபிஎன் மென்பொருள்கள் மக்கில் மூச்சுவிடாமல் கிடப்பதற்கும் இதே காரணம்.

விண்டோஸைப் போடுவது

இந்தப் பகுதி இப்போது சிரமம் இல்லை, கெதியாகச் சொல்லிவிடுகிறேன். மேல் இடது மூலை அப்பிள் குறியை அழுத்தி, அபவுட் திஸ் மக் போய்ப் பாருங்கள். சிப் என்ற வரியில் எம்1, எம்2 என்று இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. இன்டெல் என்று இருந்தால் உங்கள் கதை வேறு.

மெய்நிகர் கணினிக்கு மூன்று மென்பொருள்கள் பரவலாகப் பாவனையில் உள்ளன. பரலல்ஸ் டெஸ்க்டொப்புக்குக் காசு வேண்டும், ஆனால் மைக்ரோசொப்ற் 2023 பெப்ரவரியில் விண்டோஸ் 11 புரோ, என்டர்பிரைஸ் இரண்டையும் எம் சிப் மக்குகளில் ஓட்ட அனுமதி கொடுத்தது இதற்குத்தான். வீஎம்வெயார் ஃபியூஷன் 2024 நவம்பரிலிருந்து வியாபாரப் பாவனைக்கும் இலவசம். யூடிஎம் திறந்த மூலம், அதன் சொந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நான் பாவிப்பது பரலல்ஸ், அண்ணை உரிமத்தோடு தந்தது. கீழே வரும் மெனுப் பெயர்கள் அதற்குரியவை, ஆனால் விஷயம் மூன்றுக்கும் ஒன்றுதான்.

விண்டோஸ் ஆர்ம் கோப்பை மைக்ரோசொப்ற் தளத்திலிருந்தே தரவிறக்கலாம். பரலல்ஸும் ஃபியூஷனும் தாங்களே இறக்கித் தரும். பல ஜீபி வரும், ஆகவே இரவு டேட்டா இருப்பவர்கள் படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். வேறு தளங்களில் "தயார் செய்த விண்டோஸ்" என்று கிடைப்பதைத் தொட வேண்டாம். காவல் போடத்தானே வந்தோம்.

விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜீபி ராமும் 64 ஜீபி இடமும் கேட்கும். 8 ஜீபி மக்கில் 4 க்கு மேல் கொடுக்காதீர்கள், மக் மூச்சு வாங்கும். 64 ஜீபி என்று போட்டாலும் முதல் நாளே அவ்வளவும் போய்விடாது, பாவிக்கப் பாவிக்கத்தான் கூடும். ஆனால் 256 ஜீபி மக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஒரு கண் வைத்திருங்கள்.

நிறுவி முடிந்ததும் வேறொன்றும் செய்யாமல் விண்டோஸ் அப்டேட்டை முழுக்க ஓடவிடுங்கள். இரண்டு மூன்று தடவை மறுதொடக்கம் கேட்கும். ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

யாரைக் காவலுக்கு வைப்பது

என் தீர்ப்பு: பெரும்பாலான ஆட்களுக்கு டிஃபென்டர் போதும். அது விண்டோஸோடு வருகிறது, ஆர்ம் பாஷையிலேயே பிறந்தது, அடிமடியில் அதன் காது வடிவாக வேலை செய்யும். வேலைத்தலம் குறிப்பிட்ட ஒரு கார்டைத்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மட்டும் வேறொன்றைத் தேடுங்கள். அப்போதும் பெட்டியின் மேல் "விண்டோஸ் 11" என்று இருப்பதை நம்ப வேண்டாம். அந்த நிறுவனத்தின் தளத்தில் சிஸ்டம் ரிக்குவயர்மன்ட்ஸ் பக்கத்துக்குப் போய், ஆர்ம்64 என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈசெற் போன்ற சிலர் அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். எழுதியிருக்காவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ததுபோல் பொருந்தாத கார்ட் ஒன்றைப் போட்டுவிட்டீர்கள் என்றால், செட்டிங்ஸில் போய் அதை முழுதாக நீக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள். அது போனவுடன் டிஃபென்டர் தானாக எழும்பிவிடும். எழும்பாவிட்டால், அந்த நிறுவனமே தரும் துப்புரவுக் கருவியை ஒருதரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

பிறகு விண்டோஸ் செக்கியூரிற்றியைத் திறந்து, வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷன் பகுதியில் ரியல்-டைம் புரொடெக்ஷன், கிளவுட், டாம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஓன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே பக்கத்தின் அடியில், கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வெயர் என்ற வைரஸ் வகைக்கு எதிரான கொன்ட்ரோல்ட் போல்டர் அக்செஸ் இருக்கும். அது இயல்பில் ஓஃப். அதை ஓன் செய்தால், அறிமுகமில்லாத மென்பொருள் உங்கள் டொக்கியூமென்ட்ஸில் கை வைக்க முடியாது. பேஜ்மேக்கர் முதல் நாளே சேமிக்க முடியவில்லை என்று அழுதது. அலவ் அன் அப் என்பதில் அதைச் சேர்த்த பிறகு அடங்கியது.

டிவைஸ் செக்கியூரிற்றியில் மெமரி இன்டெக்ரிற்றி என்று ஒன்று ஓஃபாக நின்று மஞ்சள் காட்டலாம். அதற்காக இரவு நித்திரை கெட வேண்டாம். அது மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் அடுக்கைக் கேட்கிற வசதி. எம் சிப் மக்கில் ஓடும் விண்டோஸில் அது கிடையாது என்று மைக்ரோசொப்ற்றே சொல்கிறது. விண்டோஸ் சான்ட்பொக்ஸும் அப்படித்தான்.

காவலாளி விழித்திருக்கிறாரா

சிவப்புக் குறியை நம்பி ஏமாந்தவள் என்பதால், பச்சைக் குறியையும் இப்போது நம்புவதில்லை. மூன்று சோதனை செய்வேன்.

டாஸ்க் மனேஜரைத் திறந்து டீடெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். மேலே தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு, செலக்ட் கொலம்ஸ், ஆர்க்கிடெக்சர். ஒவ்வொரு மென்பொருளுக்கும் பக்கத்தில் அதன் பாஷை எழுதியிருக்கும். என் பேஜ்மேக்கருக்கு எக்ஸ்86. டிஃபென்டரின் வேலையாளான எம்எஸ்எம்பிஎன்ஜ் (MsMpEng) என்பதற்கு ஆர்ம்64. உங்கள் கார்டுக்குப் பக்கத்தில் எக்ஸ்86 அல்லது அதன் 64 பிட் வகையான எக்ஸ்64 என்று நின்றால் அது மொழிபெயர்ப்பாளர் தோளில் தொங்குகிறது.

அடுத்தது அந்தக் காது. கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஃப், எல், டீ, எம், சீ (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்தையும் இடைவெளி விடாமல் அடித்து என்டர் கொடுங்கள். கோப்புகளை இடைமறிக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். அதில் டபிள்யூ டீ ஃபில்டர் (WdFilter) என்று இருந்தால் டிஃபென்டரின் காது திறந்திருக்கிறது. வேறு கார்ட் போட்டவர்கள் அதன் டிரைவர் பெயரைத் தேட வேண்டும். என் பழைய கார்டின் பெயர் அந்தப் பட்டியலில் மருந்துக்கும் இருக்கவில்லை. முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் அந்தப் பெடியனிடம் ஏச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

மூன்றாவது, ஐகார் (EICAR) சோதனைக் கோப்பு. வெறும் 68 எழுத்து, ஒரு தீங்கும் செய்யாது. வைரஸ் கார்டுகள் எல்லாம் இதைக் கண்டால் வைரஸ் என்று கூச்சல் போட வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஒரு வரி. ஐகார் தளத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து, நோட்பாட்டில் ஒட்டி, விண்டோஸின் சி டிஸ்கில் சேமியுங்கள். சேமித்த கையோடு எச்சரிக்கை வந்து கோப்புக் காணாமல் போனால் நல்லது. கோப்பாகத் தரவிறக்கினால் எட்ஜ் உலாவி முதலே தடுத்துவிடலாம். அப்போது மாட்டியது உலாவியிடம், கார்டைச் சோதித்ததாகாது. அதனால்தான் நோட்பாட்.

படலை

இனித்தான் பெரிய விஷயம். ஷோர்ட்கட் வைரஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கண்டு நெஞ்சு திக்கென்றது. விண்டோஸின் டெஸ்க்டொப்பில் தெரிந்த போல்டர்கள் மக்கின் டெஸ்க்டொப் போல்டர்கள். டொக்கியூமென்ட்ஸும் அப்படியே. பரலல்ஸ், வசதிக்காக, இயல்பாகவே மக்கின் வீட்டுக் கோப்புறைகளை விண்டோஸுக்குத் திறந்துவிடுகிறது. ஆறேழு வருடக் கல்வெட்டுகள், இறந்தவர்களின் ஒரேயொரு பிரதிப் படங்கள், எல்லாம் அதற்குள். வந்தது ஷோர்ட்கட் வைரஸ் என்பதால் தப்பினேன். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வெயர் வந்திருந்தால், விண்டோஸ் வழியாக மக்கின் கோப்புகளையும் பூட்டியிருக்கும். அதை மக் தடுத்திருக்காது, மக்கின் கண்ணுக்கு அது பரலல்ஸ் செய்யும் சாதாரண எழுத்து வேலை.

வளவுக்குள் கொட்டில் போட்டு ஆளைக் குடிவைத்துவிட்டு, வீட்டுத் திறப்பையும் கையில் கொடுத்த மாதிரி.

மூடுவதற்கு: கொன்ஃபிகர், ஒப்ஷன்ஸ், ஷெயரிங். ஷெயர் மக் பகுதியில் போல்டர்ஸ் என்பதை நன் (None) ஆக்குங்கள். ஷெயர்ட் புரொஃபைலையும் ஓஃப் செய்யுங்கள். முந்தி விண்டோஸ் டெஸ்க்டொப்பில் சேமித்தவை மக்கில்தான் இருக்கும், காணவில்லை என்று பதற வேண்டாம். செக்கியூரிற்றிப் பகுதியில் ஐசொலேட் விண்டோஸ் ஃப்ரொம் மக் என்றும் ஒன்று உண்டு. அது கோப்புறை, கிளிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடும். சந்தேகமான கோப்பைத் திறந்து பார்ப்பதற்கென்றே விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. எனக்குக் கோப்பு போய்வர வேண்டும், ஆகவே மக்கில் "பரிமாற்றம்" என்று ஒரேயொரு போல்டரை உருவாக்கி அதை மட்டும் கஸ்டம் போல்டராகக் கொடுத்திருக்கிறேன். பின்னேரம் கடை பூட்டும்போது அது வெறுமையாக இருக்க வேண்டும் என்பது என் சட்டம்.

அடுத்தது பென் டிரைவ். சொருகியவுடன் மக்குக்கா விண்டோஸுக்கா என்று பரலல்ஸ் கேட்கும். அதன் செட்டிங்ஸில் டிவைஸஸ் பகுதியில், எப்போதும் மக்குக்கு என்று மாற்றிவிட்டேன். விண்டோஸ் ஷோர்ட்கட்டும் அதன் ஸ்கிரிப்டும் மக்கில் ஓடாது, வெறும் செத்த கோப்புகள். பென்னை மக்கில் திறந்து, கொமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வைரஸ் ஒளித்துவைத்த உண்மையான போல்டர் மங்கலாகத் தெரியும். அதற்குள்ளிருந்து ஆய்வேட்டுக் கோப்பை மட்டும் பரிமாற்றத்துக்கு எடுத்து, விண்டோஸில் சி டிஸ்குக்கு நகலெடுத்து, வலது சொடுக்கில் டிஃபென்டரால் ஸ்கான் செய்து, பிறகுதான் திறப்பேன். வேர்ட் கோப்பு மக்ரோவை, அதாவது கோப்புக்குள் இருந்து ஓடும் சின்ன நிரலை, ஓடவிடக் கேட்டால், இல்லை என்பதுதான் பதில். எந்த ஆய்வேட்டுக்கும் மக்ரோ தேவையில்லை.

தூங்கும் விண்டோஸ்

மெய்நிகர் கணினியை நாங்கள் ஒழுங்காக மூடுவதில்லை. சிவப்புப் புள்ளியை அழுத்திவிட்டுப் போகிறோம், அது இடையில் உறைந்துபோய் நிற்கும். உறைந்த விண்டோஸ் அப்டேட் எடுக்காது, நேரம் குறித்த ஸ்கானும் நடக்காது. இரண்டு கிழமைக்குப் பிறகு திறந்தால் காவலாளியிடம் இருப்பது இரண்டு கிழமைக்கு முந்திய வைரஸ் பட்டியல். ஆகவே எழுப்பியவுடன் முதல் வேலை புரொடெக்ஷன் அப்டேட்ஸ்.

ஸ்னப்ஷொட், அதாவது மெய்நிகர் கணினியின் அந்தக் கணத்து நிலையை, எடுத்து வைப்பதிலும் இதே பொறி உண்டு. எல்லாம் துப்புரவாக இருக்கும் நாளில் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்துக்கொண்டால், ஏதும் பிழைத்தால் அந்த நாளுக்குத் திரும்பலாம், அருமையான வசதி. ஆனால் திரும்பும்போது வைரஸ் பட்டியலும் விண்டோஸ் அப்டேட்டும் அந்த நாளுக்கே திரும்பிவிடும். அப்டேட் முடியும்வரை கோப்பு ஒன்றையும் உள்ளே விடாதீர்கள். ஸ்னப்ஷொட் அதே மக்கின் வயிற்றுக்குள் இருப்பதால் மக் போனால் அதுவும் போய்விடும். நான் மாதம் ஒருதரம் விண்டோஸை முழுதாக மூடி, அந்த மெய்நிகர் கணினிக் கோப்பை வெளி டிஸ்கில் நகலெடுக்கிறேன். மக்கின் காப்புப் பிரதி வசதியான டைம் மெஷினில் அதைச் சேர்க்கவில்லை. அது பெரிய கோப்பு, அடிக்கடி மாறும், ஆகவே டிஸ்கைக் கெதியாக நிரப்பிவிடலாம்.

அந்தப் பெடியனின் பென்னை மக்கில் திறந்து, போல்டரை மீட்டு, ஃபோமட் செய்து கொடுத்தேன். பைண்டிங்குக்குக் காசு வாங்கவில்லை. அந்தக் காசு கொடுத்து வாங்கிய கார்டின் உரிமம் வீணாகவில்லை, பழைய பெட்டியில் அது இப்போதும் வடிவாக ஓடுகிறது. அந்தப் பெட்டியை எறியவும் இல்லை. அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை.